சூறாவளியின் அடியில் மிதந்த கருவிகள்

சூறாவளிக்கு உணவாவது சூடான கடல்நீர். அந்நீரிலிருந்து எழும் ஆவியே அதற்கு வலிமை தருகின்றது. ஆயினும், அதே சூறாவளி கடலைக் கலக்கி, ஆழத்துக் குளிர்நீரை மேலே கொணர்ந்து, தன் உணவைத் தானே குறைத்துக்கொள்ளுகின்றது. இக்கலக்கத்தின் அளவை அறிந்தாலன்றிப் புயலின் வலிமையை முன்கூட்டி உரைத்தல் அரிது. கரையோர மக்களின் உயிரோ அக்கணிப்பிலே தங்கியிருக்கின்றது.

1964ஆம் ஆண்டில் மெக்சிக்கோ வளைகுடாவில் ஹில்டா என்னும் சூறாவளி வீசியது. அது கடந்த பின்னர், டேல் லைப்பர் என்னும் அறிஞர் கடலை ஆராய்ந்து, மேற்பரப்பு நீர் சில இடங்களில் 5 பாகை செல்சியசுக்கு மேல் குளிர்ந்திருக்கக் கண்டார். எனினும், அவர் கண்டது போர் முடிந்த களத்தையே, போரையன்று. நீர் புரளும் வேளையில் எந்தக் கப்பல் அங்கு நின்று அளத்தல் கூடும்?

அதற்கான வழி முன்னரே பிறந்திருந்தது. 1955இல் ஆங்கிலேயரான யோன் சுவலோ, அலுமினியக் குழாய்களால் மிதவையொன்றை அமைத்தார். அது மேலே மிதப்பதுமில்லை. அடியைச் சென்று சேர்வதுமில்லை. தன் அடர்த்தியும் நீரின் அடர்த்தியும் ஒத்த ஆழத்தில் நின்று நீரோட்டத்தோடு செல்லும்; ஒலி எழுப்பித் தன் இடத்தை உணர்த்தும். நீரை எதிர்த்து நில்லாது, நீரோடு நீராய்ச் சென்று அதனை அறிதல் என்னும் முறை இவ்வாறு வேரூன்றியது.

அம்முறையைச் சூறாவளியின் அடிக்கே கொண்டு சென்றோருள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து எரிக் டசாரோ, தொமஸ் சான்போர்ட் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். 2004ஆம் ஆண்டு அத்திலாந்திக்கில் பிரான்சிஸ் சூறாவளி வரும் பாதையில், விமானத்திலிருந்து மிதவைகள் இறக்கப்பட்டன. சில மிதவைகள் சுழிகளோடு ஏறியும் இறங்கியும் நீரின் அசைவைப் பதிந்தன; சில, பூமியின் காந்தப்புலத்தில் உப்புநீர் ஓடுவதாற் பிறக்கும் நுண்ணிய மின்னழுத்தத்தைக் கொண்டு நீரோட்டத்தை அளந்தன. செய்திகள் செய்மதி வழியாகக் கரை சேர்ந்தன.

புயற்பாதையின் வலப்புறத்தில் நீர் ஏறத்தாழ 120 மீற்றர் ஆழம் வரை கலங்கி, மேற்பரப்பு 2 பாகைக்கு மேல் குளிர்ந்தது. வட கோளத்தில் அப்பக்கத்துக் காற்று, நீரோட்டம் திரும்பும் திசையிலேயே தானும் திரும்பி, ஆடும் ஊஞ்சலை மேலும் தள்ளுவார்போல அதற்கு வேகம் ஊட்டுவதே இதன் காரணம்.

ஆகவே, மேற்பரப்பின் வெப்பத்தை மட்டும் நோக்குதல் போதாது. சூடான நீர் எவ்வளவு ஆழம் பரந்துள்ளது என்பதையும் அறிதல் வேண்டும். 2005இல் கத்ரினா சூறாவளி, ஆழ்ந்த வெந்நீர்ப் படலத்தின் மேற்சென்றபோது பெருவலிமை பெற்றது. அங்கே எவ்வளவு கலக்கியும் குளிர்நீர் எளிதில் மேலெழவில்லை.