நடுவில் நிற்பவரின் முடிச்சு

மூன்று பேர் ஒரே கயிற்றில் பிணைந்து பனிப்பாளத்தைக் கடக்கிறார்கள். முன்னால் போகிறவருக்கும் கடைசியில் வருகிறவருக்கும் கயிற்றின் முனை கையில் இருக்கிறது. நடுவில் நிற்பவருக்கு அது இல்லை. முனையைத் தொடாமலே அவர் தனக்கொரு கண்ணி போட்டுக்கொள்ள வேண்டும். முன்னவர் பிளவில் விழுந்தால் கயிறு ஒரு பக்கம் இழுபடும், பின்னவர் விழுந்தால் மறுபக்கம். எப்படி இழுபட்டாலும் கண்ணி சுருங்கக் கூடாது.

மலையேறிகளுக்கு முன்பே பீரங்கிப் படையினர் நடுக்கயிற்றில் கண்ணி போட்டிருக்கிறார்கள். அதற்குள் தோளை நுழைத்துப் பீரங்கியை இழுப்பார்கள். போடுவது சுலபம். ஆனால் அது ஒரு திசைக்கான முடிச்சு. எதிர்ப்பக்கம் இழுத்தால் உருமாறி நழுவிவிடும். பீரங்கிக்கு அது பரவாயில்லை, எல்லாரும் ஒரே பக்கம்தானே இழுக்கிறார்கள்! பனிமலையில் அந்த உத்தரவாதம் கிடையாது.

1928இல் இங்கிலாந்தின் 'ஆல்பைன் ஜர்னல்' இதழில் ரைட், மகோவன் என்ற இருவர் ஒரு முடிச்சை அறிமுகப்படுத்தினார்கள். பெயர் வண்ணத்துப்பூச்சி. தாங்களே உருவாக்கியது என்றும் எழுதினார்கள். கயிற்றின் நடுவே ஒரு மடிப்பெடுத்து, ஒரே திசையில் இரண்டு முறை முறுக்கி, மடிப்பின் தலையைக் கீழே கொண்டுபோய், இரு முறுக்குகளுக்கு இடையிலுள்ள துளை வழியாக மேலே இழுக்க வேண்டும். அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஒரே அமைப்பு. கண்ணியை எந்த முனையோடு சேர்த்து இழுத்தாலும் தாங்கும், முனைக்கு முனை இழுத்தாலும் தாங்கும். பாரம் ஏறிய பிறகும் அவிழ்ப்பது எளிது. கயிற்றில் ஓரிடம் தேய்ந்திருந்தால் அந்த இடத்தைக் கண்ணிக்குள் ஒதுக்கிவிட்டு மிச்சக் கயிற்றைப் பயன்படுத்தலாம்.

வீட்டில் ஒரு கயிற்றை வைத்து நான் முதலில் போட்டது பொய் வண்ணத்துப்பூச்சி. முறுக்கு மாறிப்போனால் வருவது அது. பார்க்க அச்சு அசல் அதே மாதிரிதான் இருந்தது. ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்ததும் கண்ணி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. முடிச்சைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்பக் கூடாது என்பது அன்றுதான் உறைத்தது. மூன்று விதமாகவும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

அதன் வரலாற்றையும் அப்படி இழுத்துப் பார்த்தால் 1928 நழுவிவிடுகிறது. 1914இலேயே அமெரிக்காவின் அயோவா வேளாண் கல்லூரியைச் சேர்ந்த ஏ.ஏ. பர்கர், கயிற்றின் பயன்களைப் பற்றிய கையேட்டில் இதே முடிச்சைப் பதிவு செய்திருக்கிறார். அவர் தந்திருக்கும் பெயரில் 'லைன்மேன்' இருக்கிறார், கம்பத்தில் ஏறிக் கம்பி இழுக்கிற தொழிலாளி. ஆல்ப்ஸ் எங்கே, தந்திக் கம்பம் எங்கே!

ரைட்டும் மகோவனும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. தேவை ஒன்றாக இருந்தால் இரண்டு இடங்களில் இரண்டு ஜோடிக் கைகள் ஒரே முடிச்சை வந்தடையலாம். கிட்-டில் எழுதியவர் பெயரும் கமிட் செய்தவர் பெயரும் தனித்தனியாகப் பதிவாகும். முடிச்சுகளின் வரலாற்றில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது பெயர் மட்டுமே. பர்கரும் அப்படி ஒரு இரண்டாவது பெயராக இருக்கலாம். அவருக்கு அதைக் காட்டிக்கொடுத்த கை எந்தக் கம்பத்தின் மேல் இருந்ததோ.