நாயின் சுபாவத்தில் பால்வேற்றுமை

நாய்க்குட்டி வாங்கப் புகுவோர் இனத்தை வினவிய மறுகணமே கடுவனா பெட்டையா என்று கேட்பதும், கடுவன் முரடு, பெட்டை சாது என்று விற்பவர் விடை கூறுவதும் சாதாரணமாகக் காணும் காட்சி. இவ்வபிப்பிராயம் முழுப் பொய்யென்று தள்ளத்தக்கதன்று. ஆயினும், சில குறிப்பிட்ட செய்கைகளுக்கு மட்டும் உரிய வேற்றுமையை நாயின் குணம் அனைத்துக்கும் ஏற்றிக் கூறும் பிழை அதில் உண்டென்பது என் துணிபு. (நம் கிராமங்களில் பெட்டைக்குட்டியை ஒதுக்குவோர் குணம் பார்த்து ஒதுக்குவதில்லை; நாளை அது ஈனும் குட்டிகளை எங்கே கொண்டு விடுவதென்ற கவலையே அவர்களுக்கு.) தொல்காப்பிய மரபியல் பெண்நாய்க்குப் பாட்டி என்ற பெயரை வகுத்து, அதைப் பன்றிக்கும் நரிக்கும் உரியதாக்கிற்று; பெயரோடு நின்று குணத்திற்குள் புகாத அவ்விலக்கண ஆசிரியரின் அடக்கம் பின்வந்தோர்க்கு வாய்க்கவில்லை.

இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுவது, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட்டும் லினெட் ஹார்ட்டும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு. கால்நடை மருத்துவர் 48 பேரையும், கீழ்ப்படிதல் போட்டிகளின் நடுவர் 48 பேரையும் வினவி, 56 இனங்களை 13 குணங்களின்படி அவர்கள் வரிசைப்படுத்தினர். எசமானனை எதிர்த்து நிற்றல், பிற நாய்களோடு பொருதல், எல்லை காத்தல் ஆகியவற்றில் கடுவனும், பழக்குவதற்கு எளிமையிலும் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வதிலும் பெட்டையும் முந்தி நின்றன; காவற்குரைப்பில் இருபாலும் ஒன்றே. ஆனால் இங்கே அளக்கப்பட்டது நாயன்று, நாயைப் பற்றி அறிந்தோர் கொண்டிருந்த கருத்து. அக்கருத்தோ, நாம் ஆராயப் புகுந்த ஊர்ப்பேச்சினின்றும் முற்றும் விலகி உருவாகியிருக்க இயலாது. தொண்ணூற்றாறு பேர் ஒருமுகமாகக் கூறினும் அது சாட்சியமாகுமேயொழிய நிரூபணமாகாது.

நிரூபணத்துக்கு அணித்தாக வருவது காயடித்தலின் விளைவு. பெஞ்சமின் ஹார்ட்டும் அவருடன் இருவரும் 1976-இல் வளர்ந்த கடுவன்களை ஆராய்ந்தபோது, ஊர் சுற்றும் வழக்கம் பத்தில் ஒன்பது நாய்களிடம் குறைந்தது. பிற கடுவன்களோடு சண்டையிடுதல், வீட்டினுள் மூத்திரத்தால் அடையாளமிடுதல், மேலேறுதல் ஆகியவை சற்றேறக்குறைய பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையிலான நாய்களிடம் தணிந்தன. எல்லை காக்கும் சீற்றமும் அச்சத்தாற் பிறக்கும் சீற்றமுமோ அவ்வாறு தணியவில்லை. விதையோடு போவன சில பழக்கங்களே என்பதும், முரட்டுத்தனம் என்று நாம் ஒரே பெயரிட்டழைப்பது வெவ்வேறு காரணங்களையுடைய பல செய்கைகளின் கூட்டம் என்பதும் இதனால் விளங்கும்.

இதற்கு ஒரு வலிய ஆட்சேபம் உண்டு. விதையை நீக்கியும் நீங்காதது பால்வேற்றுமையைச் சாராதது என்று கொள்வது அவசரமாகும். ஏனெனில் ஆண்மைச் சுரப்பு, குட்டி தாய்வயிற்றில் இருக்கும்போதே மூளையில் தன் முத்திரையைப் பதித்துவிடக் கூடும். பெர்க்லியில் பீகிள் நாய்களைக் கொண்டு ஃபிராங்க் பீச் செய்த பரிசோதனைகள் இதை அழகாகக் காட்டுகின்றன. பருவமெய்தும் முன்னரே விதை நீக்கப்பட்ட கடுவன்களும் வளர்ந்தபின் காலைத் தூக்கி மூத்திரம் பெய்தன; பிறப்பை ஒட்டிய காலத்தில் ஆண்சுரப்புப் பெற்ற பெட்டைகளும் காலைத் தூக்கின. ஆகவே கால் தூக்குதல் முன்கூட்டியே எழுதப்பட்டது. ஊர்சுற்றலோ அன்றாடச் சுரப்பின் தயவில் நிற்பது. ஆனால் இவ்வாட்சேபத்தை ஏற்றுக்கொண்ட பின்னும் கிடைப்பது தனித்தனிச் செய்கைகளின் வரலாறே. சாது, முரடு என்னும் ஒட்டுமொத்தக் குணத்தை அது மீட்டுத் தரவில்லை.

பெட்டையின் சாதுத்தன்மையும் விசாரணைக்குரியது. கருப்பையும் சூலகமும் நீக்கினால் பெட்டை மேலும் சாந்தமாகுமென்று பலர் எண்ணுவர். 1990-இல் ஓஃபாரலும் பீச்சியும் 150 பெட்டைகளை அறுவை செய்யப்படாத அதே தொகையினரோடு ஒப்பிட்டபோது, ஓராண்டு நிரம்பாமுன் அறுவை செய்யப்பட்டவற்றுள், ஏற்கெனவே சீற்றம் காட்டியிருந்த சில, வீட்டாரிடம் அதனை மேலும் மிகுதியாகக் காட்டின. ஒரே வீட்டில் வாழ்ந்து ஒன்றையொன்று கடித்துக்கொண்ட 38 நாய்ச்சோடிகளை 2011-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆராய்ந்ததில், 79 சதவீதம் ஒரே பாலைச் சேர்ந்தவை. பெட்டை கலந்துகொண்ட சண்டைகளே அவற்றுள் பெரும்பான்மை. தெருவில் கடுவன்கள் பொருதும்போது நாம் பார்க்கிறோம், பேர் வைக்கிறோம். வீட்டினுள் இரு பெட்டைகள் ஒரு தட்டுச் சோற்றுக்கோ எசமானியின் காலடிக்கோ நிகழ்த்தும் யுத்தம் கதவுக்கு வெளியே தெரிவதில்லை. அவ்வாய்விற் கண்ட சண்டைகளைத் தொடங்கியதும் பெரும்பாலும் பின்னர் அவ்வீட்டுக்கு வந்து சேர்ந்த நாயே.