டாக்சில்

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1995இல் ஒப்புதல் அளித்த முதல் நானோ மருந்து. டாக்சோரூபிசின் என்ற பழைய புற்றுநோய் மருந்தே இதன் சரக்கு. 80 முதல் 100 நானோமீட்டர் விட்டமுள்ள லைப்போசோம் என்னும் கொழுப்புக் குமிழ்களுக்குள் அது அடைக்கப்படுகிறது. ஜெருசலேமைச் சேர்ந்த பாரன்ஹோல்ஸ், கபிசோன் ஆகியோரின் ஆய்வில் உருவானது. குமிழின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சு இருப்பதால் நோயெதிர்ப்பு அணுக்கள் அதை எளிதில் விழுங்குவதில்லை. மருந்து நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றுகிறது.

டாக்சோரூபிசினால் இதயத்துக்கு நேரும் கேடு இதனால் குறைந்தது உண்மை. ஆனால் தொல்லை இடம் மாறியது என்பதே சரி: உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோலுரிவது கூடியது. முதல் முறை ஏற்றும்போதே சிலருக்கு மூச்சுத்திணறலும் முகச்சிவப்பும் வருகின்றன. இதற்குக் காரணம் மருந்தைவிடக் குமிழ்தான் எனக் கருதப்படுகிறது.

எனவே நானோ மருந்துச் சோதனையில் மருந்தைச் சுமக்கும் ஊர்தியும் தனியே ஆராயப்படுகிறது: துகளளவு, மேற்பரப்பு மின்னேற்றம், மருந்து கசியும் வேகம், கல்லீரலிலும் மண்ணீரலிலும் தேங்கும் அளவு. நகல் மருந்துக்கு, ரத்தத்தில் குமிழுக்குள் உள்ள மருந்தையும் வெளியே உள்ளதையும் பிரித்து அளக்க வேண்டும். அமெரிக்காவில் டாக்சிலின் முதல் நகலுக்கான ஒப்புதலை இந்தியாவின் சன் பார்மா 2013இல் பெற்றது. நானோ மருந்துகளை மதிப்பிடும் வழிகாட்டு நெறிகளை இந்தியா 2019இல் வெளியிட்டது.