கிளப் இல்லாத ஊரின் கிளப் பாட்டு

மைக் செட் தொழிலில் எந்தப் பாட்டை எப்போது வைப்பது என்று ஒரு முறை உண்டு. கல்யாண வீட்டில் மணப்பெண்ணை மேடைக்கு அழைத்து வரும்போது 'வாராயென் தோழி'. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் நாளில், பொழுது விடியும் முன்பே 'செல்லாத்தா', அதன் பிறகு 'கற்பூர நாயகியே'. இரவு சாப்பாட்டுப் பந்தி முடிந்து இளவட்டங்கள் மட்டும் பந்தலில் மிச்சமிருக்கும் நேரத்தில் 'எலந்தப்பயம்'. நான்கு பாட்டுக்கும் ஒரே குரல், எல்.ஆர். ஈஸ்வரியின் குரல். இந்த நான்கில் முதல் மூன்றுக்குத் தமிழர்கள் கொடுத்த மரியாதையை நான்காவதுக்குக் கொடுக்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

தண்டலத்தில் எங்கள் அப்பா சவுண்ட் சர்வீஸ் வைத்தபோது சுற்றிலும் வயலும் ஏரிக்கரையும்தான். ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு ரெக்கார்டு பிளேயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள். மேவளூர்க்குப்பம், வளர்புரம், இருங்காட்டுக்கோட்டை என்று மாட்டு வண்டியில்தான் சாமான் போகும். குழாயைத் தென்னை மரத்தில் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டினால் எந்த ஊர் வரை கேட்கும் என்பது அப்பாவுக்கு அத்துப்படி. கூம்புக் குழாயில் பேஸ் வராது. தபலாவின் இடது கை, பெரிய வயலினின் அடிநாதம் எல்லாம் அதிலேயே தேய்ந்துவிடும். நடுச்சுருதிக்குச் சற்று மேலே கூர்மையாக நிற்கும் குரலும் டிரம்பெட்டும்தான் வயலைத் தாண்டிப் போய்ச் சேரும். ஈஸ்வரியின் குரல் அப்படிப்பட்டது. நாற்று நடுகிறவர்கள் காதில் அவர் பாட்டின் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழும். ஆனால் அந்தப் பாட்டுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய மேற்கத்திய வாத்தியக் கூட்டம் உழைத்திருக்கிறது என்பது எங்கள் ஊருக்குத் தெரியாது. பின்னாளில் பெட்டி ஸ்பீக்கர் வந்து, அதே பாட்டுகளை அதில் வைத்துக் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

உலகத்தில் ஜாஸ் பாடகிகள் வளர்ந்த இடம் கிளப். நியூயார்க்கானாலும் சிகாகோவானாலும் ராத்திரி ராத்திரி மேடை. ஒரே பாட்டை நூறு முறை பாடி, நூறு விதமாக மாற்றி, பிறகு ஸ்டூடியோவில் பதிவு செய்வார்கள். இந்தியாவில் அந்த வாய்ப்பு கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்தது. டெடி வெதர்ஃபோர்டு என்ற கறுப்பின அமெரிக்கப் பியானோக் கலைஞர் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் வாத்தியக் குழு நடத்தி, அந்த ஊரிலேயே 1945-இல் இறந்தார். அவருக்குப் பிறகும் பார்க் ஸ்ட்ரீட்டின் டிரிங்காஸ், மொகாம்போ, ப்ளூ ஃபாக்ஸ் மேடைகளில் பல ஆண்டுகள் ஜாஸ் ஒலித்தது. பாம் கிரெய்ன் என்ற பாடகி அங்கே ராணி மாதிரி இருந்தார்.

சென்னையில் அப்படி ஒரு தெரு உருவாகவில்லை. அதற்குப் பெரிய காரணம் மதுவிலக்கு. ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கி வைத்தது 1948-இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது, 1971-இல்தான் தளர்ந்தது. குடி இல்லாத ஊரில் இரவு விடுதிக்கு வருமானம் ஏது? பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கூடி ஆடும் நடனம், பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கொண்டாட்டங்கள், சர்ச் கொயர் என்று வாத்தியக்காரர்கள் சிதறி இருந்தார்கள். அவர்களுக்கு நிலையான சம்பளம் கொடுத்த ஒரே இடம் கோடம்பாக்கம். எம்.எஸ். விஸ்வநாதன் குழுவில் மேற்கத்திய வாத்தியங்களுக்கு நொட்டேஷன் எழுத ஹென்றி டேனியல் இருந்தார். டிரம்ஸுக்கு நோயல் கிராண்ட், கிட்டாருக்கு பிலிப்ஸ், அக்கார்டியனுக்கு மங்களமூர்த்தி. ரம்பா, சா-சா-சா, ட்விஸ்ட், வால்ட்ஸ் என்று அன்றைக்கு உலகம் ஆடிய ஆட்டத்துக்கெல்லாம் இவர்கள் கையில் தாளம் இருந்தது.

ஆகவே தமிழ்ப் படத்தில் நாம் பார்த்த கிளப் எல்லாம் பலகையும் துணியும் வைத்துக் கட்டிய செட். அந்தக் கிளப்புக்குப் பாடியவர் பகல் வெளிச்சத்தில் ரெக்கார்டிங் தியேட்டருக்கு வந்து, மைக் முன்னால் நின்று, பாடிவிட்டு வீட்டுக்குப் போனார். கல்கத்தா பாடகிக்கு ஆண்டுக்கணக்கில் மேடை கற்றுக்கொடுத்ததை, ஈஸ்வரி ஒரு காலைப் பொழுதின் ஒத்திகையிலேயே பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் பாடுகிறவரும் வாத்தியக்காரரும் ஒரே நேரத்தில் ஒன்றாகத்தான் பதிவு. டிரம்பெட்காரர் ஓரிடத்தில் பிசகினாலும் பாடகி முதலிலிருந்து பாட வேண்டும். அந்த வேலை எப்படி நடந்தது என்று பார்க்க ஆசை இருந்தால் 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் 'அவளுக்கென்ன' பாட்டைப் பாருங்கள். எம்.எஸ்.வி. கைவீசி நடத்த, டி.எம். சௌந்தரராஜன் மைக் முன்னால் நிற்க, ஒரு முழு ரெக்கார்டிங் தியேட்டரே திரையில் வரும். இலத்தீன் அமெரிக்கத் தாளத்தில் ஓடும் அந்தப் பாட்டில் ஈஸ்வரியின் குரலும் உண்டு.

அவர் இந்த வேலைக்கு வந்த வழியும் பாட்டு வகுப்பு வழி அல்ல. 1939-இல் சென்னையில் பிறந்தவர், கத்தோலிக்கக் குடும்பம், இளையான்குடிப் பக்கத்துப் பூர்வீகம். அம்மா நிர்மலா ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடியவர். அம்மாவோடு ஸ்டூடியோவுக்குப் போய்ப் போய், 'மனோகரா' (1954) காலத்திலேயே மகளும் கோரஸில் சேர்ந்துவிட்டார். தனியாகப் பாடும் வாய்ப்பைக் கே.வி. மகாதேவன் 'நல்ல இடத்து சம்பந்தம்' (1958) படத்தில் கொடுத்தார். இவருக்கும் ராஜேஸ்வரி என்றே பெயர்; எம்.எஸ். ராஜேஸ்வரி முன்பே புகழோடு இருந்ததால் இவர் எல்.ஆர். ஈஸ்வரி ஆனார். 1961-இல் 'பாசமலர்' வந்தது. அதில் வந்த 'வாராயென் தோழி' இன்றைக்கும் எங்கள் தொழிலுக்குச் சோறு போடுகிறது.

கோரஸில் நின்ற பழக்கம் அவருக்குப் பெரிய பலம் என்று நினைக்கிறேன். கோரஸ் பாடுகிறவர் பல்லவியை மட்டும் கேட்பதில்லை. வாத்தியம் எங்கே நுழைகிறது, எங்கே மூச்சு விடுகிறது என்று கேட்டுக்கொண்டே நிற்பார். ஈஸ்வரியின் பாட்டில் சொல்லுக்கும் தாளத்துக்கும் நடுவே அந்தக் காது வேலை செய்வது தெரியும். தாளத்தின் மேல் நேராகக் கால் வைக்காமல், ஒரு நூல் இழை தள்ளி வந்து, அடுத்த அடியில் சரியாகச் சேர்ந்துகொள்வார். ஜாஸ்காரர்கள் இதை ஸ்விங் என்பார்கள். சொல்லே இல்லாத அசைகளை வாத்தியம்போலப் பாடுவதை லூயி ஆம்ஸ்ட்ராங் 1926-இல் தட்டில் பதிந்து உலகத்துக்குக் காட்டினார். தன்னானே பாடி நாற்று நட்ட ஊர்க்காரர்களுக்கு அது புதிது இல்லை. ஈஸ்வரியின் சிரிப்பும் விக்கலும் லல்லல்லாவும் எங்கள் பக்கத்துப் பெண்களை முகம் சுளிக்க வைக்காமல் சேர்ந்து சிரிக்க வைத்ததற்கு அதுதான் காரணம்.

'சிவந்த மண்' (1969) படத்தின் 'பட்டத்து ராணி' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடுகிறவர் காஞ்சனா. சாட்டை வீசும் சத்தம், அதன் மேல் அடிபட்டவளின் மூச்சு, அதே மூச்சிலிருந்து அடுத்த அடி. வலியை நடித்துக்கொண்டே சுருதி பிசகாமல் பாட வேண்டும்; பின்னால் பெரிய வாத்தியக் குழு முழு வேகத்தில் வரும். தமிழில் வேறு யாரையும் அந்த மைக் முன்னால் என்னால் நிறுத்திப் பார்க்க முடியவில்லை. பி. சுசீலா 'புதிய பறவை'யில் (1964) பாடிய 'பார்த்த ஞாபகம் இல்லையோ' அற்புதமான பாட்டு, அதிலும் இரவு விடுதி வாசனை உண்டு. ஆனாலும் சுசீலாம்மா அந்த விடுதிக்கு வந்த விருந்தாளி. அங்கேயே வேலை பார்க்கிறவரின் சுதந்திரம் ஈஸ்வரி குரலில்தான் கிடைக்கும்.

பிரேசிலில் 1950-களின் கடைசியில் போஸா நோவா பிறந்தது. ஜோவோ ஜில்பெர்டோ கிட்டாரில் கட்டைவிரலால் அடிநாதத்தை நிறுத்தி, மற்ற விரல்களால் தாளத்துக்கு முன்னும் பின்னுமாகச் சுரங்களைத் தொட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பாடினார். 1963-இல் பதிவான இபனேமா பெண்ணைப் பற்றிய பாட்டு அஸ்ட்ரூட் ஜில்பெர்டோவின் மெல்லிய குரலை உலகமெங்கும் கொண்டுபோனது. தொண்டையைத் திறந்து பாடுவதுதான் பாட்டு என்று இருந்ததை அந்த முறை மாற்றியது. மைக்கையே ஒரு வாத்தியமாக எடுத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் போய்ப் பேசுவதுபோலப் பாடுவது. தமிழில் அந்த அடக்கத்தின் உச்சம் 'வெள்ளி விழா' (1972). வி. குமார் இசையில் வந்த 'காதோடுதான் நான் பாடுவேன்'. எலந்தப்பழம் விற்ற அதே தொண்டை, ஒரு குழந்தை தூங்குகிற வீட்டில் பாடுகிற அளவுக்கு இறங்கியிருக்கிறது. தாளம் போஸா நோவா என்று சொல்ல வரவில்லை. குரலை வைத்த விதம் அந்தப் பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தது.

அந்தப் பாட்டைக் குழாய் ஸ்பீக்கரில் வைக்க முடியாது. விருப்பப் பாட்டாகப் பலர் கேட்டிருக்கிறார்கள், அப்பாவும் வைத்துப் பார்த்திருக்கிறார். குரலில் இருக்கிற காற்று முழுக்கக் குழாயிலேயே தங்கிவிடும். சத்தத்தைக் கூட்டினால் அந்தப் பாட்டின் உயிர் போய்விடும். அது ராத்திரி ரேடியோவுக்கான பாட்டு. எங்கள் பக்கத்து வீடுகளில் இலங்கை வானொலிதான் அதைக் கொடுத்தது. 1950-களில் மத்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது கொழும்பு பிடித்துக்கொண்ட நேயர்கள், 1957-இல் விவித் பாரதி வந்த பிறகும் கொழும்பை விடவில்லை.

சென்னையில் நிஜமாகவே மேடை கிடைத்த ஒரு பாடகியையும் சொல்ல வேண்டும். மவுண்ட் ரோட்டில் சஃபயர் தியேட்டர் வளாகத்தில் நைன் ஜெம்ஸ் என்ற விடுதி இருந்தது. 1969-இல் அங்கே பாடத் தொடங்கினார் உஷா ஐயர், பின்னாளின் உஷா உதுப். பம்பாயில் வளர்ந்த தமிழ்ப் பெண். காஞ்சிப் பட்டு, பெரிய பொட்டு, கனத்த குரல், ஆங்கிலப் பாட்டு. கிளப் என்றால் இப்படித்தான் உடுத்த வேண்டும் என்று சினிமா சொல்லிக் கொடுத்ததை அவர் ஒரே நாளில் பொய்யாக்கினார். ஆனாலும் சென்னை அவரை வைத்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு கல்கத்தா டிரிங்காஸ் கூப்பிட்டுக்கொண்டது. 'ஜம்பலாயா' போன்ற ஆங்கிலப் பாட்டுகளைத் தட்டில் பதித்தார். தமிழில் 'மேல்நாட்டு மருமகள்' (1975) படத்தில் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் ஓர் ஆங்கிலப் பாட்டு பாடினார். 2024-இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. மேடை இருந்த பாடகிக்கும் ஸ்டூடியோ மட்டுமே இருந்த பாடகிக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது. உஷாவை முகத்தோடு நினைவு வைத்திருக்கிறோம். ஈஸ்வரியின் பாட்டைத் திரையில் ஆடிய நடிகைகளின் பேரில் எழுதி வைத்தோம். விஜயநிர்மலாவுக்குத்தானே 'எலந்தப்பழம்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது!

ஜாஸில் 'ஸ்டாண்டர்டு' என்று சில பாட்டுகள் உண்டு. படத்துக்கோ நாடகத்துக்கோ எழுதப்பட்டு, பிறகு பொதுச்சொத்துப்போல ஆகி, வருகிற ஒவ்வொரு பாடகியும் தன் போக்கில் பாடுகிற பாட்டுகள். நம் ஊர் லைட் மியூசிக் மேடையில் ஈஸ்வரியின் பாட்டுகளுக்கு அந்த இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் செட்டில் பாடிய எத்தனையோ பெண்கள் 'அவள் ஒரு தொடர்கதை'யின் (1974) 'அடி என்னடி உலகம்' பாடிக் கைதட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆனால் இங்கே ரெக்கார்டில் இருப்பதுபோலவே, சிரிப்பு உட்பட, அச்சாகப் பாடச் சொல்கிறோம். இது மாற வேண்டும். ஈஸ்வரி யாரையும் அச்செடுத்துப் பாடவில்லை.

1970-களில் அவருடைய அம்மன் பாட்டுத் தட்டுகள் வந்தன. கத்தோலிக்க வீட்டுப் பெண்ணின் குரலில் மாரியம்மன் ஊர் ஊராக இறங்கினாள். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தமிழ்நாட்டின் பெருமை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் இதைச் சொல்வேன். அந்தப் பாட்டுகளில் இருக்கும் வேகம், அடியின் முடிவில் குரலை வெட்டி நிறுத்துவது, அடுத்த அடியைத் தாளத்துக்குக் கொஞ்சம் முந்தி எடுப்பது, எல்லாம் நடனப் பாட்டில் பழகியது. சாமி வந்து ஆடுகிறவருக்கும் கிளப் செட்டில் ஆடுகிறவருக்கும் அவர் ஒரே தாளக் கணக்கில்தான் பாடினார். ஒன்றைக் கும்பிட்டு மற்றதைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. 2011-இல் 'ஒஸ்தி' படத்தில் 'கலாசலா' பாடியபோது எழுபதைத் தாண்டியிருந்தார். அந்தத் தாளம் இம்மியும் தளரவில்லை.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளியே வரத் தொடங்கின. அதற்குப் பிறகு எங்கள் வயலெல்லாம் கம்பெனி, ஹாஸ்டல், ஷிப்ட் பஸ் நிற்கும் இடம். கூம்புக் குழாயும் போய்விட்டது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது என்பது சட்டம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் ஆடித் திருவிழாவில் எங்கள் பெட்டி ஸ்பீக்கர் முன்னால் நின்று 'செல்லாத்தா'வுக்கு ஆடுகிறார்கள். சொல் புரியாது, தாளம் புரிகிறது.

அப்பாவின் தகரப் பெட்டி என்னிடம் இருக்கிறது. கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான அந்தத் தட்டுகளின் லேபிளில் படத்தின் பெயர், பாடியவர், இசையமைப்பாளர், கவிஞர் பெயர்கள் இருக்கின்றன. டிரம்ஸ் வாசித்தவர், கிட்டார் வாசித்தவர், நொட்டேஷன் எழுதியவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. அந்தக் கலைஞர்களில் பலர் போய்விட்டார்கள். தெரிந்தவர்கள் சிலர் இன்னும் பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் சாலிகிராமத்திலும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஸ்டூடியோவில் வாசித்த பெரியவர் ஒருவர் இருந்தால், எந்தப் பாட்டுக்கு எந்த வாத்தியம் வாசித்தார் என்று இந்த வாரமே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பரணில் பழைய தட்டு இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.