அரைப்பேருக்கு யார் பொறுப்பு?

"இன்னைக்கு எனக்கு அரைப்பேருதான்." இறம்பொடைப் பக்கத் தோட்டங்கள்ல வளர்ந்தவங்களுக்கு இந்தப் பேச்சு புதுசில்ல. மத்தவங்களுக்காகச் சொல்றேன். தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். காலையில் பிரட்டுக்குப் போய், மலையில் நின்று, தோட்டம் கேட்கிற கிலோ அளவுக்குக் கொழுந்து எடுத்தால் ஒரு பேர் விழும். நிறுவையில் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனிங்க. குறைந்தது கொழுந்து. ஆனால் பாதியாகிப் போவது ஆளின் பேர்.

இன்று நம்மில் பலர் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவதில்லை. கொழும்பில் கடையில் நிற்கிறோம், ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறோம், ஏ.எல். படிக்கிறோம். ஆனாலும் உடம்பும் மனசும் ஓய்ந்துபோகிற நாளில் நமக்குள் ஒரு கணக்கப்பிள்ளை எழுந்து நிற்கிறார். "மத்தவங்களுக்கு முடியுது, உனக்கு மட்டும் ஏன் முடியல? நீ சோம்பேறி" என்கிறார். இந்தக் குரலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

இறம்பொடைக்குக் கீழே புசல்லாவையில் ரொத்ஸ்சைல்ட் தோட்டம் 1841இல் தொடங்கியது. அது கோப்பிக் காலம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலையேறினார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். கோப்பிப் பழம் பறிப்பது பருவ வேலை. அது முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. அடுத்த இருபது வருசத்துக்குள் அந்தத் தொழில் சரிந்து தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவ முடிவு கிடையாது. வருசம் பூராவும் கொழுந்து வரும், வருசம் பூராவும் ஆள் வேணும். வேலை முடிகிற காலம் என்ற ஒன்றே இல்லாமல் போனது.

சட்டமும் துரைமார் பக்கம்தான் நின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அறிவிக்காமல் வேலையை விட்டுப் போவதும் வேலை செய்ய மறுப்பதும் குற்றம். அதற்குச் சிறைத்தண்டனையும் உண்டு. போதாததற்குக் கங்காணியிடம் பட்ட கடன். அந்தக் கடனைக் காட்டுகிற 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது. இவ்வளவும் இருந்தும், ஒருவர் வேலைக்கு வராத நாளில் துரை சொன்ன காரணம் ஒன்றே: சோம்பேறித்தனம்.

இது இலங்கைக் கதை மட்டுமில்லை. மலாயா, பிலிப்பைன்ஸ், ஜாவா ஆகிய இடங்களிலும் காலனிக்காரர்கள் இதையே சொன்னார்கள். சையத் ஹுசைன் அலாதாஸ் 1977இல் வெளியிட்ட நூலில் இந்தச் 'சோம்பேறி' கதையைப் பிரித்துக் காட்டினார். மலாய் மக்கள் தங்கள் வயலில் உழைத்தார்கள், கடலில் மீன் பிடித்தார்கள். தோட்ட முதலாளி கேட்ட விதத்தில் உழைக்க மறுத்தார்கள், அவ்வளவுதான். அதற்குக் கிடைத்த பட்டம்தான் சோம்பேறி.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. பல தோட்டங்களில் ஒரு பேருக்கான கொழுந்தின் அளவையும் கூட்டினார்கள். அதே வருசம் இரசாயன உரத்துக்குத் தடை வந்து விளைச்சல் விழுந்தது. செடியில் கொழுந்து இல்லை, தராசு மட்டும் கூடக் கேட்கிறது. மழை, வெயில், கவ்வாத்து, உரம், செடியின் வயசு என்று எத்தனையோ சேர்ந்துதான் கிலோ ஆகிறது. ஆனால் அரைப்பேர் விழுவது அந்த அக்காவுக்கு மட்டும்.

உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இதற்குக் கிட்டத்தில் வந்தது. வேலையால் ஓய்ந்துபோவதை ஒருவரின் நோயாக அது வகைப்படுத்தவில்லை. வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத நீண்டகால அழுத்தத்தின் விளைவு என்றே எழுதியது. அதாவது கேள்வியை முதலில் வேலையிடத்திடம் கேட்க வேண்டும்.

நம்ம ஆட்கள் அதை முன்னாடியே கேட்டிருக்கிறார்கள். நடேசய்யர் தொழிலாளரைச் சங்கமாகச் சேர்த்தார். மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார். சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அந்தப் பாட்டுகளில் துரையும் கங்காணியும் நேராகவே திட்டு வாங்குகிறார்கள். மனசுக்குள் குமைந்ததைக் கூட்டமாகப் பாடிய பிறகு, அது ஒருத்தியின் குறையாக மட்டும் இருக்கவில்லை. 1927 சட்டம் சம்பளத்துக்கு ஓர் அடிமட்டத்தையும், சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து ஒன்பது மணி நேர வேலைநாளையும் கொண்டுவந்தது. பெண்களுக்கு ஆண்களோடு சம சம்பளம் கிடைக்க 1984 வரை ஆனது. அதுவும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. ஓய்வும் நியாயமும் யாரோ ஒருவர் இன்னும் கெட்டியாக உழைத்ததால் வந்ததில்லை.

இதெல்லாம் தெரிந்தால் களைப்பு போய்விடுமா? போகாது. ஆனால் களைப்புக்கு மேல் நாமே ஏற்றிக்கொள்கிற பழி குறையும். அடுத்த முறை "எனக்கு மட்டும் ஏன் முடியல" என்று தோன்றும்போது, கேள்வியைக் கொஞ்சம் மாத்திப் பாருங்க. என்னிடம் எத்தனை கிலோ கேட்கிறாங்க? யார் கேட்கிறாங்க? இந்தச் செடியில அவ்வளவு கொழுந்து இருக்கா? பதிலை ஒரு கூட்டாளியிடம் வாய்விட்டுச் சொல்லுங்க. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரமாவது சும்மா உட்காருங்க. கிழமைக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் வைத்தியரைப் பாருங்க. 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணும் இருக்கிறது.

ஒருநாள் வேலை பாதியில் நின்றால், பாதியானது வேலை மட்டும்தான். உங்க பேர் முழுசாத்தான் இருக்கு.