கடிதத்தின் கீழே ஒரு முகவரி: அமெரிக்க ரசிகர் உரையாடலின் வரலாறு

அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸிலும் ‘ஸ்டார் ட்ரெக்’ போன்ற அறிவியல் புனைவுத் தொடர்களிலும் ரசிகர்களுக்கு இருந்த செல்வாக்கைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதிப் போராடிய கதையே முன்னால் வந்து நிற்கிறது. அந்தக் கடிதங்கள் சாதித்தது கொஞ்சம்தான். ஒரு வாசகர் இன்னொரு வாசகருக்கு எழுதியவையே அதிகம் சாதித்தன. அந்தப் பேச்சில் வளர்ந்தவர்கள் சிலர் பின்னாளில் ஆசிரியர் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தார்கள்.

ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழில், 1927 ஜனவரி முதல் வாசகர் கடிதப் பகுதி வரத் தொடங்கியது. கடிதத்தின் கீழே எழுதியவரின் பெயரோடு முகவரியும் அச்சானது. இதழைப் படித்துவிட்டுத் தனியே கிடந்தவர்களுக்கு, தங்களைப் போன்ற இன்னொருவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது இதனால் தெரிந்தது. கடிதப் போக்குவரத்து சங்கங்களாக, சங்கங்கள் கையச்சு இதழ்களாக வளர்ந்தன. முதல் ரசிகர் இதழாகக் கருதப்படும் ‘தி காமெட்’ 1930 மே மாதம் வெளிவந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவரான ரேமண்ட் பால்மர், 1938இல் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழுக்கே ஆசிரியரானார். கடிதப் பகுதியில் தொடங்கி ஆசிரியர் அறைக்குப் போகும் அந்தப் பாதைக்கு அப்போது வயது பதினொன்று.

சூப்பர்மேன் பிறந்ததும் இந்தப் பாதையில்தான். கிளீவ்லாந்தில் பள்ளி மாணவர்களாக இருந்த ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் தாங்களே நடத்திய ரசிகர் இதழில் 1933 ஜனவரியில் ‘சூப்பர்மேன்’ என்ற பெயரை முதன்முதலில் பயன்படுத்தினார்கள். அந்தச் சூப்பர்மேன் வழுக்கைத் தலை வில்லன். நாயகனாக அவர் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் தோன்ற 1938 ஆயிற்று. 1930களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ‘தி டைம் டிராவலர்’ ரசிகர் இதழில் ஒன்றாக வேலை செய்த மார்ட் வைசிங்கரும் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸும் 1940களில் ஒருவர் பின் ஒருவராக டிசி காமிக்ஸ் நிறுவனத்துக்கு வந்தார்கள். 1956இல் ‘ஃபிளாஷ்’ பாத்திரத்துக்குப் புத்துயிர் கொடுத்து, சரிந்து கிடந்த சூப்பர்ஹீரோ கதைகளை மீட்டவர் இந்த ஷ்வார்ட்ஸ். 1960களின் தொடக்கத்தில் தன் காமிக்ஸ் கடிதப் பகுதிகளில் வாசகர்களின் முழு முகவரியை அச்சிட்டவரும் அவரே. டெட்ராய்ட் பேராசிரியர் ஜெரி பெய்ல்ஸ் 1961இல் அவரைச் சந்தித்தபோது, ஷ்வார்ட்ஸ் அறிவியல் புனைவு ரசிகர்களின் இதழ்களை எடுத்துக் காட்டினார். பெய்ல்ஸ் ஊருக்குத் திரும்பி, மிசௌரியில் இருந்த ராய் தாமஸின் துணையோடு அதே ஆண்டு மார்ச்சில் ‘ஆல்டர் ஈகோ’ இதழைக் கொண்டுவந்தார். ஸ்பிரிட் டூப்ளிகேட்டர் என்ற நகலெடுப்பு இயந்திரத்தில் ஊதா மையில் ஓட்டிய சில தாள்கள்தான். தாமஸ் 1965இல் மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 1972இல் அங்கே தலைமை ஆசிரியர்.

கடிதப் பகுதியே வணிகத் தந்திரம்தானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சலுகை அஞ்சல் கட்டணம் பெற காமிக்ஸ் இதழில் எழுத்துப் பக்கங்கள் இருந்தாக வேண்டும் என்பது அன்றைய அமெரிக்க அஞ்சல் விதி. பலரும் புரட்டிவிட்டுப் போன இரண்டு பக்கக் கதைகளால் நெடுங்காலம் அந்த இடத்தை நிரப்பினார்கள். பிறகு காசு கேட்காத வாசகர் கடிதங்கள் அதற்குக் கைகொடுத்தன. ஆனால் விதி கேட்டது எழுத்தை; முகவரியை யாரும் கேட்கவில்லை. அதைச் சேர்த்தது ஆசிரியரின் முடிவு. ஷ்வார்ட்ஸ் விஷயத்தில், ரசிகராக இருந்தபோது முகவரியின் பயனை நேரில் கண்டவரின் முடிவு.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது: நிறுத்தப்படும் என்று பேசப்பட்ட ‘ஸ்டார் ட்ரெக்’கை 1968இல் காப்பாற்றியது நிறுவனத்துக்குப் போன கடிதங்கள்தானே? பிஜோ ட்ரிம்பிளும் அவர் கணவர் ஜானும் முன்னின்று நடத்திய இயக்கத்தில், தொடரை ஒளிபரப்பிய என்பிசிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கடிதங்கள் வந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. மார்ச் 1 அன்று தொடர் நீடிக்கும் என்று ஒளிபரப்பிலேயே அறிவிக்கவும் செய்தது. ஆனால் கிடைத்தது வெள்ளி இரவு பத்து மணியும் குறைந்த பட்ஜெட்டும். 79 அத்தியாயங்களோடு 1969இல் தொடர் முடிந்தது. அந்த இயக்கம் அவ்வளவு வேகமாகத் திரண்டதற்கும் காரணம், ட்ரிம்பிள் தம்பதியர் பழைய அறிவியல் புனைவு ரசிகர் வட்டத்தில் ஊறியவர்கள்; யாருக்கு எழுதினால் யார் பத்துப் பேரிடம் சொல்வார் என்று அறிந்தவர்கள். தொடர் முடிந்தபின் மறு ஒளிபரப்புகள் அதைப் பரப்பின; அதற்கு முன்பே தொடங்கிய ‘ஸ்பாகனாலியா’ (1967) போன்ற ரசிகர் இதழ்களைப் பெண்களே முன்னின்று நடத்தினார்கள். காமிக்ஸ் ரசிகர் உலகம் பெரும்பாலும் ஆண்களின் இடமாக இருந்த காலத்தில் இது சின்ன விஷயமில்லை. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த ‘ஸ்டார் ட்ரெக்’ மாநாட்டுக்குச் சில நூறு பேரை எதிர்பார்த்தார்கள், ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ரசிகர்கள் தங்களுக்குள் எழுதிப் படித்த கதைகளை 1976இல் பேண்டம் பதிப்பகம் புத்தகமாகவே போட்டது.

நிறுவனம் ரசிகரிடம் நேரடியாகக் கருத்துக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1988 ஒரு சோதனை. பேட்மேனின் துணைவன் ஜேசன் டாட் சாக வேண்டுமா, வாழ வேண்டுமா என்று டிசி தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தியது; அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம். சாகட்டும் என்று 5,343 பேர், வாழட்டும் என்று 5,271 பேர். வித்தியாசம் 72. ஒரே ஆள் எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கலாம்; ஏன் என்று சொல்லவும் மறுத்துப் பேசவும் வழியில்லை. ரசிகரின் சொல் ஒரு கதையின் போக்கை இவ்வளவு நேரடியாகத் தீர்மானித்தது அபூர்வம். ஆனாலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அந்த அழைப்புகளில் ஒன்றாவது இரண்டு ரசிகர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்த வழி இல்லை.