ஓரிதழ்த்தாமரை

மதுரையைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டிலும் மானாவாரிக் காட்டு வரப்பிலும் கணுக்கால் உயரத்தில் நிற்கும் பூண்டு இது. ரோஜா நிறப் பூ, நகக்கண் அளவுதான்.

ஒரு, உயிரெழுத்துக்கு முன் ஓர் ஆகும். ஓர் + இதழ் + தாமரை. உண்மையில் இதழ்கள் ஐந்து. நான்கு சிறுத்து ஒதுங்கிவிட, கீழிதழ் மட்டும் விரிந்து நிற்கிறது. பெயர் வைத்தவர் குனிந்து பார்த்திருக்கிறார், எண்ணாமல் கண்ணை நம்பியிருக்கிறார். அதுதான் இந்தச் சொல்லின் அழகு. தாமரைக்கும் இதற்கும் உறவில்லை, நிறத்துக்காகச் சூட்டியிருக்கலாம். நீரில் மிதக்கும் ஆகாயத்தாமரையும், தோலில் பரவும் படர்தாமரையும்கூட அப்படிக் கடன் வாங்கிய பெயர்களே.

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இதை வயோலா பேரினத்தில் சேர்த்தார். அவர் இட்ட ‘என்னியஸ்பெர்மா’ என்ற அடைமொழிக்கு ஒன்பது விதை என்று பொருள். அவர் விதையை எண்ணினார், நம்மவர் இதழைப் பார்த்தார். இன்று தனிப் பேரினமானாலும் குடும்பம் வயலட்தான். இமயமலையிலும் ஆர்க்டிக் பகுதியிலும் பூக்கும் மஞ்சள் நிற வயோலா பைஃப்ளோரா இதன் ஒன்றுவிட்ட சொந்தம். அங்கே பனி, இங்கே சித்திரை வெயில்.